திருக்கைக்கு உசுரு வந்த நாள்

கடலில் காணாமல் போன ஒருவர், ஏழெட்டு மாதம் கழித்து, தன் வீட்டுக் கூரையில் இருந்த இன்டர்நெட் பெட்டியைப் போட்டுவிடுவதற்காகக் கரையேறி வந்துவிட்டார் என்று நான் நம்பினேன். கொஞ்சம் சந்தேகத்தோடுதான் நம்பினேன் என்று சொல்லிக்கொண்டால் மரியாதையாக இருக்கும். ஆனால் அன்றைக்கு என் சட்டைப்பையில் மாதா கோயில் தீர்த்தம் ஒரு குப்பியும், எங்கள் ஊர் அய்யனார் கோயில் திருநீறு ஒரு பொட்டலமும் இருந்தன. எந்தப் பக்கத்து ஆள் முதலில் உதவிக்கு வருவார் என்று தெரியாததால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்படிப் போனவன் சந்தேகத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

பெட்டிக்குள் ஆள் இருப்பான் என்ற நம்பிக்கை எனக்குப் புதிதும் அல்ல. பூர்வீகம் கடலாடிக்கு மேற்கே, மிளகாய்ச் செடியும் கருவேலமும் தவிர வேறெதுவும் நிமிர்ந்து நிற்காத ஊர். எழுபத்து நாலிலோ ஐந்திலோ எங்கள் அய்யா ஒரு ரேடியோ வாங்கி வந்தார். உள்ளே இருப்பவன் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறானே, பசிக்குமே என்று பின்பக்க ஓட்டை வழியாக ஒரு கடலை மிட்டாயைத் தள்ளினேன். எறும்பு போனது, ரேடியோ நின்றது. அய்யா அடித்த அடியில், ரேடியோவைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று புரிந்தது. நான் மைக்செட்காரன் ஆனது அப்படித்தான்.

பிறகு ராமேஸ்வரம் தீவில், வடகடல் ஓரமாக இருக்கும் ஒரு ஊரில் கடை போட்டேன். முழுக்கக் கிறிஸ்தவ மீனவர்கள். திருவிழாவுக்கும் என் மைக், துக்கத்துக்கும் என் மைக். வள்ளத்து எஞ்சினைத் தவிர, ஒயர் உள்ள எதுவாக இருந்தாலும் என்னிடம் வரும். கம்பத்தில் ஏறத் தெரியும், கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரியும். அந்த இரண்டு தகுதியில்தான் இரண்டாயிரத்து ஏழு வாக்கில் ஊர் இன்டர்நெட் என் தலையில் விழுந்தது.

வெளியூர்க் கல்லூரி வாத்தியார் ஒருவர் கொண்டுவந்த யோசனை அது. கோயிலை ஒட்டிய கம்ப்யூட்டர் அறைக்கு டெலிபோன் ஒயர் வழியாக ஒரு இன்டர்நெட் லைன் இருந்தது. அங்கிருந்து கம்பி இல்லாமல், கூரைக்குக் கூரை ஒரு சின்னப் பெட்டி. ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் கொடுக்கும், அது அடுத்ததிடம் கொடுக்கும். இப்படியே கைமாறி, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோப்புக் குடியிருப்பு வரைக்கும் போய்விடும். சவூதியில் இருக்கும் ஆளோடு முகம் பார்த்துப் பேசலாம். காற்று எப்படி, அலை எப்படி என்று பார்த்துவிட்டு வள்ளம் இறக்கலாம். எந்தக் கம்பெனியும் முதலாளி இல்லை, ஊர்தான் முதலாளி. பெட்டிகள் எல்லாம் எங்கோ கழித்துப் போட்டவை. உப்புக்காற்று படாமலிருக்க ஒவ்வொன்றையும் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து நான்தான் கம்பத்தில் கட்டினேன். தலைமைப் பொறியாளர், வெண்ணிலா டிபார்ட்மென்ட்.

முதலாளி ஊர் என்றால் முதலாளிக்குள் முதலில் ஒத்துப்போக வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம். வாத்தியாரின் கையில் ஆங்கிலத் தாள், என் கையில் மைக். அவர் ஒன்று சொல்வார், நான் அதை ஊர் பாஷையில் விடுவேன்.

"பெட்டி வழியாகப் போகும் எதையும் யாரும் தடுக்கவோ ஆராயவோ கூடாது" என்றார் வாத்தியார்.

"அடுத்தவன் பேச்சு உன் கூரை மேல போகும். கல்லெறியாத, காது வைக்காத" என்றேன் நான்.

"காது வைக்காம எப்பிடிண்ணே இருக்கது?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். முற்றம் முழுக்கச் சிரிப்பு.

ஊரில் மூன்று வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி எழுந்தார். "எங்கூரையிலதான ஒசரமான பெட்டி நிக்கப்போகுது. வள்ளத்துக்குத் தனிப் பங்கு உண்டுல்ல, அதே மாதிரி கூரைக்கும் ஒரு பங்கு போடுங்கப்பா."

"வள்ளம் கடலுக்குப் போகுது. ஒங்க கூரை எங்கன போகுது?" என்றார் இன்னொருவர். கூரை கொடுத்தவனுக்கும் கூரையே சரியாக இல்லாதவனுக்கும் ஒரே பங்கு என்று அங்கேயே முடிந்தது.

ஒரு வீட்டில் ஆளே இல்லாமல் போனால் அந்தப் பெட்டியை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா என்று வாத்தியார் கேட்டார். இதற்குச் சம்மாட்டியே பதில் சொன்னார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால், வள்ளத்தில் அவனுடைய மீன் பங்கை உடனே நிறுத்த மாட்டார்கள். போதும் என்று அவன் வீட்டுக்காரி வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுவரை பங்கு வீடு தேடிப் போகும்.

"பங்கையே வீட்டுக்காரி சொல்லாம நிறுத்துறதில்ல. பெட்டி என்ன பெட்டி. அந்த வீடு சொல்லாம ஒருத்தனும் தொடக்கூடாது" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஒரு கஷ்டமும் இல்லாமல் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விதி என்றால் இப்போதெல்லாம் நான் தலையாட்டுவதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு சண்டையும் நடந்தது. கருவாடு போடும் அக்கா ஒருத்தர், ஐம்பது வயதிருக்கும், பேசினாலே உப்புத் தெறிக்கும். அவருக்கும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் கோழி.

"இவ கோழி எங் கருவாட்டைக் கொத்துது. இவ கூரைப் பெட்டிக்கு நான் எதுக்குச் சம்மதிக்கணும்?"

"கோழிக்கு வேலி தெரியுமா? ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார் அந்தப் பெண்.

நான் மைக்கில் புகுந்தேன். "தாய்மாரே, இது விதியாவே இருக்கட்டும். சண்டை வேலிக்குக் கீழயே நிக்கணும், கூரைக்கு ஏறக்கூடாது. ஒரு வீட்டுப் பெட்டிக்குக் கரண்டு இல்லன்னா, பேசாத வீடா இருந்தாலும் பக்கத்து வீடு கரண்டு குடுக்கணும். சம்மதமா?"

கருவாட்டு அக்கா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "கரண்டு குடுப்பேன். பேச மாட்டேன்."

கைதட்டல். அது ஜோக் என்று நினைத்தோம்.

கடைசி விதி, எதையும் மறைக்கக் கூடாது என்பது. ஒரு பெட்டி நின்றாலும் ஓடினாலும் அந்த வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். என் கடைக் கம்ப்யூட்டரோடு ஒரு பழைய செல்போனை ஒயர் போட்டு இணைத்து வைத்திருந்தோம். பெட்டி நின்றதும் அது தானாகவே அந்த வீட்டு நம்பருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். "ஆன்லைன், ஆஃப்லைன் என்று வரும்" என்றார் வாத்தியார்.

அப்போது ஒருவர் எழுந்தார். கோழிக்காரப் பெண்ணின் புருஷன். முப்பத்தைந்து வயது, சம்மாட்டியின் வள்ளத்தில் போகிறவர். வேடிக்கை பேசுவதில் அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே போட்டி. என்னைவிட நன்றாகவே பேசுவார், மைக் என்னிடம் இருந்ததால் நான் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

"மைக்கு மச்சான், ஆஃப்லைன்னு வந்தா எங்க வீட்டுக்காரிக்கு என்ன வெளங்கும்? உசுரு வந்துருச்சு, செத்துப்போச்சுன்னு அனுப்புங்க. எஞ்சினுக்கும் அப்பிடித்தான சொல்லுதோம்."

உண்மைதான். வள்ளத்து எஞ்சின் நின்றால் செத்துப்போச்சு, கிளம்பினால் உசுரு வந்துருச்சு. ஊரே அதை ஆமோதித்தது. நான் அன்று மாலையே கம்ப்யூட்டரில் அந்த வார்த்தைகளைப் போட்டேன், தமிழ்தான், ஆங்கில எழுத்தில்.

பெட்டிக்குப் பெயரும் வேண்டியிருந்தது. வீட்டுப் பெயரை வைத்தால் சண்டை வரும் என்று மீன் பெயராக வைத்தோம். நெத்திலி, நண்டு, பாறை, காரல். அவர் திருக்கையைக் கேட்டு வாங்கினார். ஒருமுறை திருக்கையின் வால்முள் குத்தி ஒரு மாதம் கால் வீங்கிக் கிடந்தவர். "அது என்னைப் பாயில போட்டுச்சு. நான் அதைக் கூரையில போடுதேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஊரின் பேச்சே மாறிப்போனது. டீக்கடையில் ஒருவர் "நெத்திலி காலையிலேருந்து சாகுது பொழைக்குது" என்பார். "நண்டுக்கு உசுரு இருக்கு, காரலுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்பார் இன்னொருவர். வெளியூர் மீன் வியாபாரி ஒருவர் பயந்துபோய், என்ன நோய் என்று விசாரித்தார். என் கடைக் கம்ப்யூட்டரில் எல்லாப் பெட்டியும் புள்ளிகளாகத் தெரியும். உசுரு இருந்தால் பச்சை, செத்தால் சிவப்பு. ஊரைப் பச்சையாகப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பது ஒரு சுகம்.

பிறகு வாடைக்காற்றுக் காலம் வந்தது. ஒரு நாள் திருக்கைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வடகடலுக்குப் போன வள்ளம் சாயங்காலம் வரவில்லை. பெண்கள் எல்லாம் கரையில் நின்றார்கள். காற்று ஏறிக்கொண்டே போனது. தெருக்கம்பத்தில் ஒயர் அறுந்து விழுந்து அந்த வரிசை முழுக்கக் கரண்டு போனது. என் கடை அடுத்த வரிசை, அங்கே கரண்டு இருந்தது. கம்ப்யூட்டரில் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. இணைத்து வைத்த செல்போன் தன் கடமையைச் செய்தது. யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. கரையில் நின்றுகொண்டிருந்த கோழிக்காரப் பெண்ணின் கையிலும் ஒரு செல்போன் இருந்தது.

திருக்கை செத்துப்போச்சு.

பெட்டியைப் பற்றித்தான் அந்தச் செய்தி. பெட்டியைப் பொறுத்தவரை அது சரியான செய்தி. அவர் அதை யாரிடமும் காட்டவில்லை என்று பின்னால் சொன்னார்கள். செல்லை முந்தானையில் முடிந்துகொண்டு கடலைப் பார்த்தபடியே நின்றாராம்.

மறுநாள் இன்னொரு வள்ளம் இரண்டு பேரைக் கொண்டுவந்து சேர்த்தது. கவிழ்ந்த வள்ளத்தை மூன்று பேரும்தான் பிடித்திருந்தோம், விடிந்தபோது இரண்டு பேர் இருந்தோம் என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது.

சம்மாட்டி சொன்ன வழக்கப்படி மீன் பங்கு ஓலைப்பெட்டியில் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் போதும் என்று சொல்லவில்லை. செத்தவர்களுக்குக் கொடுக்கும் பூசையும் கொடுக்கவில்லை. தெருவுக்குக் கரண்டு திரும்பும் முன்பே ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது மீட்டர் பக்கத்தில் இருந்த பீஸ் கட்டையை, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையை, அவரே உருவிக் கையில் வைத்திருந்தார். இனித் தெருவுக்குக் கரண்டு வந்தாலும் அந்த வீட்டுக்கு வராது. பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு, கீழக்கரைக்குப் பக்கத்தில், புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதை நான் கொண்டுபோறேன். அவரு வந்து கேட்டா குடுப்பேன், அவரு கையாலயே மாட்டட்டும். அதுவரைக்கும் அந்தப் பெட்டியில யாரும் கைவைக்கக் கூடாது."

"யாரும் வைக்க மாட்டாங்கம்மா" என்றேன். நான் வேடிக்கையாக எதுவும் சொல்லாமல் வெளியே வந்த மிகச் சில வீடுகளில் அது ஒன்று.

ஆனால் திருக்கைதான் மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் கடைசிப் பெட்டி. அது செத்தால் தோப்புக் குடியிருப்பு முழுக்க இருட்டு. அங்கிருந்தவர்கள் முதலில் பொறுத்தார்கள், பிறகு முனகினார்கள், பிறகு என் கடைக்கு வந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் புருஷனோடு பேச, வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி மணலில் நடந்து கோயில் அறைக்கு வந்துகொண்டிருந்தாள். கருவாட்டு அக்காவின் மகள்தான்.

சம்மாட்டியே வந்தார். "யோவ் மைக்காரரே, அதைக் கழத்தி மேட்டோரத்துல வேற கூரையில மாட்டுமய்யா. ரெண்டு நிமிச வேலை."

"வீடு சொல்லாம தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"விதி போட்டது நாமதானய்யா?"

"அதனாலதான் மாத்த முடியல."

"அந்தப் புள்ளைக்குப் போன் போட்டுக் கேளும்."

போன் போட்டு என்னவென்று கேட்பது? உங்கள் வீட்டுக்காரர் வரமாட்டார் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம், பெட்டியைக் கழற்றலாமா என்றா? சம்மாட்டிக்கும் அது புரிந்தது. என் டீயைக் குடித்துவிட்டுப் போனார். இப்படியே வாடை ஓய்ந்து, மேற்கிலிருந்து வீசும் கச்சான்காற்றுக் காலம் வந்துவிட்டது.

ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். கடையில் ஒரு கூம்பு ஸ்பீக்கரைப் பிரித்துக்கொண்டிருந்தவன் தற்செயலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஊர் முழுக்கப் பச்சை. மாதக்கணக்கில் ஓரத்தில் சிவந்து கிடந்த புள்ளியும் பச்சை. அதற்கு அப்பால் தோப்புப் பெட்டியும் பச்சை.

திருக்கைக்கு உசுரு வந்துவிட்டது.

என் மனசு நேராக ஓடியது. பீஸ் கட்டை அந்தப் பெண்ணிடம். மாட்ட வேண்டியவர் அவர் ஒருவர்தான். பெட்டி ஓடுகிறது. ஆகவே அவர் வந்துவிட்டார். பீஸ் கட்டை கீழக்கரைப் பக்கம் இருக்கும்போது எப்படி மாட்டினார் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தால், உயிரோடு வந்தவருக்கு அது முடியாது என்பது தெரியும். நானும் யோசித்தேன். அந்த இடத்தில்தான் தீர்த்தத்தையும் திருநீற்றையும் எடுத்தேன்.

வீடு பூட்டித்தான் கிடந்தது. பூட்டின் மேல் உப்புத்துரு கையில் ஒட்டியது, யாரும் திறந்திருக்க முடியாது. தாழ்வாரத்தில் அவருடைய வலை மிதவைகள் தொங்கின. காற்றில் ஒன்றோடொன்று மோதி, யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். மீட்டர் பலகையைப் பார்த்தேன். பீஸ் கட்டை இருந்த இடம் காலி. பித்தளை வாய் இரண்டும் திறந்தபடி என்னைப் பார்த்தன. மேலே பார்த்தேன். ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் பச்சை விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது.

இருபத்தைந்து வருஷமாகக் கரண்டு வேலை பார்க்கிறவன் நான். பீஸ் இல்லை, விளக்கு எரிகிறது என்றால் எந்த எலக்ட்ரீஷியனும் அடுத்து ஒயரைத்தான் தேடுவான். நான் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். காற்று எதிர்த்து அடித்து எல்லாவற்றையும் என் கண்ணிலேயே போட்டது.

"மச்சான்" என்றேன், கண்ணைக் கசக்கிக்கொண்டே. என் குரல் மைக் இல்லாமல் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "மச்சான், நீங்களா?"

மிதவைகள் மோதின. விளக்கு சிமிட்டியது. வேடிக்கைக்காரர் ஒருவர் பதில் சொல்லாமல் இருப்பதைப் போல ஒரு பயங்கரம் உலகத்தில் கிடையாது. ஏதாவது ஒரு நக்கல் வரும் என்று நான் உண்மையிலேயே காத்துக்கொண்டு நின்றேன்.

நக்கல் வந்தது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கோழி வராமலிருக்க வேலி மேல் பழைய வலையை மடித்து மடித்துப் போட்டு, அதற்கு அப்பால் கருவாட்டு அக்கா மீனுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மைக்காரரே, மூஞ்சியெல்லாம் வெள்ளையடிச்சு நிக்கிறீரு?"

"அக்கா... திருக்கை... உசுரோட இருக்கு."

"ஆமா. இருக்கட்டுமே. உசுரோட இருந்தா உமக்கு என்ன?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன அந்த "ஆமா"வைக் கேட்டதும் நான் ஓடினேன். செருப்பில் ஒன்று இன்றுவரை என்னிடம் வரவில்லை.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "பேயா வந்த மனுசன் கரண்டு பெட்டியப் போடவாங்க வருவாரு? பொண்டாட்டியப் பாக்கல்ல போவாரு?"

பொண்டாட்டி என்ற வார்த்தையில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டிக்கு உசுரு வந்தால் முதலில் யாருக்குத் தெரிய வேண்டும்?

கடைக்கு ஓடினேன். இணைத்து வைத்த செல்போனில் அனுப்பிய செய்திகளைப் பார்த்தேன். காலையிலேயே போயிருந்தது. பெட்டி ஓடத் தொடங்கிய உடனேயே, விதிப்படி, அந்த வீட்டுக்கு முதலாவதாக. திருக்கைக்கு உசுரு வந்துருச்சு.

அந்தப் பெண்ணின் நம்பருக்கு அடித்தேன். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு குரல் சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடியும் அப்படியே, அதே நிதானத்தில். அவர் அம்மா வீட்டுக்கு அடித்தேன். எடுத்தவர் சொன்னார்: "காலையிலேயே பொறப்பட்டுட்டாளே. மெசேஜைப் பாத்தா, பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டு ஓடுனா. என்னய்யா, மாப்ள வந்துட்டாராய்யா?"

பேய்ப் பயம் அந்த நிமிடத்தில் என்னைவிட்டுப் போய்விட்டது. போன வேகத்தைப் பார்த்தால் அது உண்மையான பயமே இல்லை போலிருக்கிறது. செத்தவர் ஒருவரைக் கூரையில் பார்ப்பதைவிட, உயிரோடு இருக்கும் ஒருவரை பஸ் ஸ்டாப்பில் பார்ப்பது கஷ்டம்.

ராமநாதபுரத்திலிருந்து பாலம் தாண்டி வரும் பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு நின்றேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் ஊருக்கே மைக் பிடித்தவனுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை.

வந்தார். படியிலிருந்து இறங்கும்போதே என் முகத்தைப் பார்த்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் மேலாக ஒரு கைலியும் சட்டையும் மடித்து இருந்தது தெரிந்தது. ஆண்பிள்ளைத் துணி. கடலிலிருந்து வருகிறவருக்கு மாற்றுத்துணி வேண்டுமே.

"பெட்டிக்குத்தாம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பஸ் போனது. தூசு அடங்கியது.

"பெட்டிக்குத்தான்னு தெரியும்ணே" என்றார். "மெசேஜ் பாக்கும்போது தெரிஞ்சுச்சு. பஸ்ஸு ஏறும்போது தெரியல."

இரண்டு பேரும் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். வழியில் பார்த்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பேச்சுக்குப் பேர்போன ஊர் அது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் துருப்பிடித்த பூட்டைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணிப்பைக்குள் கைவிட்டு, மாற்றுத்துணிக்கு அடியிலிருந்து பீஸ் கட்டையை எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இது என் கையில் இருக்கிறதே, அப்புறம் எப்படி என்ற கேள்வி. காலையில் எனக்கு வந்த அதே கேள்விதான். நான் அதை வைத்துக் கூத்தடித்திருந்தேன். அவர் முகத்தில் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு விநாடி, தீர்த்தக் குப்பியைத் தடவினேன், சத்தியமாக.

வேலிப் பக்கம் சத்தம் கேட்டது. கருவாட்டு அக்கா உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். அந்தப் பெண்ணைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"அவகிட்டச் சொல்லும். மக பிள்ளைத்தாச்சி, இந்த வெயில்ல மணல்ல நடந்து வாரா. கூட்டத்துல சொன்னபடிதான் செஞ்சேன். பெட்டியில கைவைக்கல."

மடித்துப் போட்டிருந்த வலையை ஒரு கையால் தூக்கினார். அடியில் ஒரு மஞ்சள் ஒயர். அவருடைய அடுப்படி ஜன்னலிலிருந்து புறப்பட்டு, வேலி மேலாக வந்து, இந்த வீட்டுத் தாழ்வாரத்துக்கு அடியில் நானே சுவரில் அடித்துவைத்திருந்த பெட்டியின் பிளக்கில் போய் முடிந்திருந்தது. அந்தத் தாழ்வாரத்தில்தான் நான் நின்றிருந்தேன், திருநீற்றோடு.

"ஏக்கா, காலையில நான் கேட்டப்போ சொல்லியிருக்கலாம்ல?"

"நீரு எங்க கேட்டீரு? உசுரோட இருக்குன்னீரு. ஆமான்னேன்."

அந்தப் பெண் சிரித்தார். அது சிரிப்பாகவே ஆரம்பித்தது. பிறகு அப்படியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எட்டு மாதமாக அழாததை எல்லாம் அழுதார். கருவாட்டு அக்கா வேலியைச் சுற்றிக்கொண்டு வராமல், வேலியையே மிதித்துத் தாண்டி வந்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை. பேச மாட்டேன் என்று சொன்னவர்தானே.

வெயில் தாழ்ந்த பிறகு அந்தப் பெண் எழுந்தார். மீட்டர் பலகைக்குப் போய், பீஸ் கட்டையைத் தன் கையாலேயே மாட்டினார். வீட்டுக்குள் எதுவோ ஒரு விளக்கு எரிந்தது. மஞ்சள் ஒயரைக் கழற்றி, சுருட்டி, அக்காவிடம் கொடுத்தார். சரியான பிளக்கில் பெட்டியை மாட்டும் வேலையை எனக்கு விட்டார்கள். ஒயர் மாற்றும் அந்த நேரத்தில் திருக்கை ஒருமுறை செத்து மறுபடி பிழைத்தது. அவர் முந்தானையில் செல்போன் இரண்டு முறை முனகியது. எடுத்துப் பார்க்கவில்லை.

"மெசேஜுல அந்த வார்த்தையை மாத்திரட்டுமாம்மா?" என்றேன்.

"வேணாம்ணே. அவரு சொன்ன வார்த்தை."

வீடு பூட்டியிருந்த மாதங்களில் காசாக அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மீன் பங்கு மறுநாள் காலை வாசலுக்கே வந்தபோது, இனிமேல் வேண்டாம் என்று ஓலைப்பெட்டியைத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஞாயிறு புருஷனுக்காகப் பூசை கொடுத்தார். மைக் நான்தான் போட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு பெண் தன் மகள் வெயிலில் நடக்கக் கூடாது என்று அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒரு ஒயர் இழுத்தார். பெட்டி ஓடியது. கடலுக்குப் போனவர் வரவில்லை.